எழுபத்திரண்டு நாட்களா, பத்து நாட்களா?



இவ்வாண்டு நம் பள்ளியில் இல்லங்களுக்கிடையே நடந்த பொது அறிவுப் போட்டியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "நெல்லி பிளை என்பவர் யார்?" என்று ஒரு கேள்வி வந்தது. கேட்டு முடிக்கும் முன்பே ஒரு மாணவி எழுந்தாள். "எழுபத்திரண்டு நாட்களில் உலகத்தைச் சுற்றி வந்த அமெரிக்கப் பெண் பத்திரிகையாளர்" என்றாள். இரண்டு மதிப்பெண்கள், ஒரு கைதட்டல். உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

விடை சரியானதுதான். ஆனால் அது போதுமான விடையா? இந்த ஐயம் அன்றிலிருந்து என்னை விட்டு அகலவில்லை. அந்த அம்மையாரைப் பற்றிப் படிக்கப் படிக்க, நாம் பழத்தை விட்டுவிட்டுத் தோலைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது. அவர் வாழ்வில் எழுபத்திரண்டு நாட்களுக்கு முன்னே ஒரு பத்து நாட்கள் இருந்தன. அவர் பெயரை உலகெங்கும் பரப்பியவை எழுபத்திரண்டு நாட்கள். அவரை நாம் வணங்கத் தக்கவராக ஆக்கியவை அந்தப் பத்து நாட்களே. இதுவே என் கருத்து. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை இனிக் கூறுகிறேன். கேட்டபின் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

ஒரு கோபக் கடிதம்

எலிசபெத் ஜேன் காக்ரன் என்பது அவருடைய இயற்பெயர். 1864ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் ஆலை உரிமையாளர், ஊரில் மதிப்புள்ளவர், நீதிபதிப் பதவியும் வகித்தவர். ஆனால் எலிசபெத்துக்கு ஆறு வயதாக இருந்தபோதே அவர் இறந்துபோனார். உயில் எழுதி வைக்காததால் சொத்து பல கூறாயிற்று. குடும்பம் வீட்டை இழந்தது. தாயார் மறுமணம் செய்துகொண்டார். வாய்த்த கணவரோ குடித்துவிட்டுக் கொடுமை செய்பவர். மணவிலக்குக் கோரித் தாய் நீதிமன்றப் படி ஏறியபோது, பதினான்கு வயது மகள் சாட்சிக் கூண்டில் நின்று தன் கண்ணால் கண்டதைச் சொன்னாள். சாட்சி சொல்வது என்றால் என்ன என்பதை அந்த வயதிலேயே கற்றுக்கொண்டவர் அவர். பின்னாளில் அவர் செய்ததெல்லாம் அதே வேலைதான் என்பது என் எண்ணம்.

ஆசிரியையாக வேண்டும் என்ற ஆசையோடு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். ஒரு பருவம் முடிவதற்குள் பணம் தீர்ந்தது; படிப்பும் நின்றது. பிட்ஸ்பர்க் நகரின் அருகே தாயோடு குடியேறி, வாடகைக்கு ஆள் வைத்துக் காலம் தள்ளினார்கள்.

1885ஆம் ஆண்டு சனவரி மாதம். 'பிட்ஸ்பர்க் டிஸ்பாட்ச்' என்ற நாளிதழில் எராஸ்மஸ் வில்சன் என்னும் எழுத்தாளர், பெண்கள் எதற்குப் பயன்படுவர் என்ற கேள்வியைத் தலைப்பாக்கி எழுதியிருந்தார். பெண்ணுக்கு உரிய இடம் வீடே. வேலைக்குப் போகும் பெண் இயற்கைக்கு மாறானவள் என்பது அவர் கட்சி. வீட்டில் ஆண் துணை இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. இருபது வயது எலிசபெத்துக்குப் பொறுக்கவில்லை. 'தனித்த அனாதைப் பெண்' என்ற புனைபெயரில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தில் இலக்கணம் தள்ளாடியது. ஆனால் உண்மை நிமிர்ந்து நின்றது. ஆசிரியர் ஜார்ஜ் மேடன் அதை எழுதியவர் யார் என்று கேட்டுத் தம் பத்திரிகையிலேயே அறிவிப்புக் கொடுத்தார். அலுவலகத்துக்கு நேரில் வந்து நின்றவரிடம் ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார். சனவரி 25ஆம் நாள் அக்கட்டுரை வெளிவந்தது. 'பெண் என்னும் புதிர்' என்ற பொருள்படும் தலைப்பு. ஏழைப் பெண்களுக்கும் வேலை வேண்டும், முன்னேறும் வாய்ப்பும் வேண்டும் என்பதே அதன் சாரம். அக்காலப் பெண் எழுத்தாளர்கள் சொந்தப் பெயரில் எழுதுவது அரிது. ஆகவே, மக்கள் விரும்பிப் பாடிய ஒரு பாட்டிலிருந்து 'நெல்லி பிளை' என்ற பெயரைப் பொறுக்கி அவருக்குச் சூட்டினார் ஆசிரியர். எந்த வில்சனை எதிர்த்து எழுதினாரோ, அவரே பின்னாளில் இவருடைய நல்ல நண்பரானார் என்பது இனிய செய்தி.

நெல்லி பிளை தொழிற்சாலைப் பெண்களின் நிலையைப் பற்றி எழுதினார். ஆனால் பத்திரிகை அவரைத் தொடர்ந்து அங்கேயே விடவில்லை. ஆடை அலங்காரம், தோட்டம், நாடகம் என்று 'பெண்களுக்கு ஏற்ற' பகுதிக்குத் தள்ளியது. ஊசியும் நூலும் பற்றி எழுதவா பேனாவைப் பிடித்தேன் என்று சலித்தவர், 1886இல் தாயாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மெக்சிக்கோ நாட்டுக்கே புறப்பட்டுவிட்டார். ஏறக்குறைய ஆறு மாதம் அங்கிருந்து எழுதினார். அரசை விமர்சித்த பத்திரிகையாளரைச் சிறைவைத்ததைக் கண்டித்து எழுதியதால், தாமும் சிறைப்படக் கூடும் என்ற நிலையில் நாடு திரும்பினார்.

உள்ளே போவது எளிது

1887இல் நியூயார்க்குக்கு வந்தார். மாதக்கணக்கில் வேலை கிடைக்கவில்லை. பெரிய பத்திரிகைகளின் ஆசிரியர்களை நேரில் கண்டு, பெண் நிருபர்களைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேட்டி எடுத்தார். சொன்னவை யாவும் சாக்குப் போக்குகளே. போதாக்குறைக்குக் கைப்பையும் பணத்தோடு தொலைந்தது. கடன் வாங்கிய சில்லறையோடு, ஜோசப் புலிட்சர் நடத்திய 'நியூயார்க் வேர்ல்ட்' அலுவலகத்தின் வாயிலில் போய் நின்றார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலைதான் அவருடைய வாழ்வைத் திருப்பியது.

நியூயார்க் நகரத்தின் ஆற்று நடுவே பிளாக்வெல் தீவு என்று ஒரு தீவு உண்டு. இன்று அதன் பெயர் ரூஸ்வெல்ட் தீவு. ஏழைப் பெண் மனநோயாளிகளை நகராட்சி அங்கே ஒரு விடுதியில் அடைத்து வைத்திருந்தது. உள்ளே கொடுமை நடப்பதாகப் பேச்சு இருந்தது. ஆனால் கண்டு சொன்னவர் இல்லை. மனநோயாளியாக நடித்து உள்ளே புகுந்து, கண்டதை எழுத முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றார் நெல்லி. "எப்படி என்னை வெளியே கொண்டுவருவீர்கள்?" என்று கேட்டார். அந்த வழி இன்னும் தெரியாது, ஆனால் கொண்டுவந்துவிடுவோம் என்ற பொருளில் பதில் வந்தது. தோழியரே, இந்தப் பதிலை நம்பி நம்மில் எத்தனை பேர் ஒரு பேருந்தில் ஏறுவோம்?

இரவெல்லாம் கண்ணாடி முன் நின்று பித்துப் பிடித்தவளைப் போல விழிக்கப் பழகினார். வேறு பெயரில் ஓர் எளிய பெண்கள் விடுதியில் அறை எடுத்தார். இரவு முழுதும் உறங்காமல் உட்கார்ந்திருந்தார். பிறரைக் கண்டு அஞ்சுவதுபோல் நடந்துகொண்டார். காலையில் காவலர் வந்தனர். நீதிபதி முன் நிறுத்தினர். பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்கள் பார்த்தனர். சில கேள்விகள் கேட்டனர். பித்துப் பிடித்தவள் என்று முத்திரை குத்தினர். இவர் யார் என்று அறியாத மற்றப் பத்திரிகைகள், யாரோ ஓர் அழகிய பித்துக்குளிப் பெண் அகப்பட்டிருக்கிறாள் என்று செய்தி எழுதின!

அந்தப் பத்து நாட்கள்

இனி நான் சொல்லப்போவதுதான் இக்கட்டுரையின் உயிர். தீவில் காலடி வைத்த கணமே நெல்லி பிளை நடிப்பை நிறுத்திவிட்டார். வெளியில் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார். எப்படி நடப்பாரோ அப்படியே நடந்தார். தம்மைச் சோதித்துப் பார்க்கும்படி மருத்துவர்களிடம் கேட்டார். ஆனால் அவர் எவ்வளவு தெளிவாகப் பேசினாரோ, அவ்வளவுக்கு அவருக்குப் பித்து முற்றியிருப்பதாக எண்ணினார்கள். ஒருவர் மேல் ஒரு பெயரை ஒட்டிவிட்டால், அதன்பின் அவர் பேசும் ஒவ்வொரு சொல்லும் அந்தப் பெயருக்கே சாட்சியாகிவிடுகிறது! இதைவிடப் பெரிய சிறை வேறு உண்டா?

உள்ளே அவர் கண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ந்த ரொட்டி, கெட்டுப்போன வெண்ணெய், உப்பில்லாத உணவு. குளிர் தாங்காத மெல்லிய ஆடை. பனிபோன்ற நீரில் குளியல். தலைமேல் வாளி வாளியாக நீர். ஒருவர் குளித்த நீரிலேயே அடுத்தவர். உடம்பில் புண் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே துவாலை. காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை முதுகு சாயாத பலகைகளில் அசையாமல், பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். படிக்க ஒன்றும் கிடையாது. வெளியுலகச் செய்தியும் கிடையாது. நல்ல அறிவுள்ள பெண்ணையும் இரண்டே மாதத்தில் பித்தாக்க இது போதும் என்ற கருத்தில் அவர் எழுதினார். அழுதவர்களையும் எதிர்த்துப் பேசியவர்களையும் தாதியர் அடித்தனர். இரவில் ஒவ்வோர் அறையும் தனித்தனியே பூட்டப்பட்டது. தீப்பற்றினால் ஒருவரும் பிழைக்க மாட்டார்களே என்று நெல்லி அங்கேயே எடுத்துக் கூறினார். கேட்பார் இல்லை.

இவையெல்லாம் கொடுமைகள்தாம். ஆனால் அவர் எழுதியதில் என் மனத்தை அதிகம் உலுக்கியவை கொடுமைகள் அல்ல, பெயர்கள். தம் அருகே உட்கார்ந்திருந்தவர்களின் பெயரைக் கேட்டு, அவர்கள் கதையைக் கேட்டு, நினைவில் வைத்து எழுதினார். லூயிஸ் ஷான்ஸ் என்பவர் ஜெர்மானியப் பெண். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் சொல்வதை யாரும் முறையாக மொழிபெயர்த்துக் கேட்கவில்லை; தாம் பித்தர் அல்லர் என்று சொல்லவும் வழியில்லாமலே உள்ளே தள்ளப்பட்டார். ஆன் நெவில் வீட்டு வேலை செய்தவர். உழைத்து உழைத்து நோயில் விழுந்தவர். டில்லி மேயார்ட் நோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த பெண், ஓய்வுக்கு அனுப்புகிறார்கள் என்று நம்பி வந்து, எங்கே வந்திருக்கிறோம் என்று அறிந்து திகைத்தவர், குளிரில் நடுங்கியவர்.

அந்த விடுதியில் சுமார் 1600 பெண்கள் இருந்தனர். நகரத்துக்கு அவர்கள் ஓர் எண்ணிக்கை. நெல்லி பிளைக்கு அவர்கள் டில்லி, ஆன், லூயிஸ். இந்த வேறுபாடுதான் பத்திரிகைத் தொழிலின் அறம் என்று நான் கருதுகிறேன்.

பத்து நாட்களுக்குப் பின் பத்திரிகை ஒரு வழக்கறிஞரை அனுப்பி அவரை மீட்டது. 1887 அக்டோபர் 9, 16 ஆகிய நாட்களில் அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன. நகரம் அதிர்ந்தது. பின்னர் அவை நூலாகவும் வந்தன. கதை இத்துடன் முடிந்திருந்தால் அதைச் சாகசம் என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் விசாரணைக்காகப் பெரும் நடுவர் குழு அழைத்தபோது, சத்தியம் செய்து சாட்சி சொன்னார். எந்த இடத்திலிருந்து தப்பி வந்தாரோ, அந்த இடத்துக்கே அவர்களோடு திரும்பிப் போனார்.

போய்ப் பார்த்தால் எல்லாம் மாறியிருந்தது! சமையலறை பளபளத்தது. வெள்ளை ரொட்டி இருந்தது. கண்ணில் படும்படி இரண்டு பீப்பாய் உப்பும் இருந்தது. அவர் எழுதிய பெண்களில் பலரை வேறிடங்களுக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் ஆன் நெவில் இருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார். டில்லி மேயார்டும் இருந்தார். நெல்லி கண்டு நடுங்கும் அளவுக்கு அவர் நிலை மோசமாகிவிட்டிருந்தது. இத்தனை மறைத்தும் நடுவர் குழு நெல்லியின் பக்கமே நின்றது. நகரம் இத்தகைய நோயாளிகளுக்காக முன்னெப்போதையும்விடப் பத்து லட்சம் டாலர் கூடுதலாக ஒதுக்கியது என்று அவரே தம் நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

எழுபத்திரண்டு நாட்கள்

இப்போது அந்தப் புகழ்பெற்ற பயணத்துக்கு வருவோம். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் தம் கதையில் ஒருவரை எண்பது நாட்களில் உலகைச் சுற்ற வைத்தார். அதை நான் மெய்யாகவே வென்று காட்டுகிறேன் என்றார் நெல்லி. அது ஆண்மகன் செய்யும் வேலை. பெண்ணுக்குத் துணை வேண்டும், மூட்டை முடிச்சு பல வேண்டும் என்று பத்திரிகை நிர்வாகம் தயங்கியது. அப்படியானால் அந்த ஆண்மகனை அனுப்புங்கள். நான் வேறொரு பத்திரிகைக்காக அதே நாளில் புறப்பட்டு அவரை முந்துவேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அதன்பின் யார் மறுக்க முடியும்?

1889 நவம்பர் 14ஆம் நாள் புறப்பட்டார். உடம்பில் ஓர் உடை, மேலே கட்டம் போட்ட நீண்ட கோட்டு, கையில் ஒரே ஒரு சிறு பை. இங்கிலாந்து சென்று, பிரான்சில் ஜூல்ஸ் வெர்னையும் அவர் மனைவியையும் கண்டு, இத்தாலி, சூயஸ், ஏடன் வழியாகக் கொழும்புக்கு வந்தார். பின் பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், யோகோகாமா. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ. அதன்பின் தனி ரயில். 1890 சனவரி 25ஆம் நாள் ஊர் திரும்பினார். 72 நாட்கள், 6 மணி, 11 நிமிடம், 14 விநாடி! அவர் எத்தனை நேரத்தில் வருவார் என்று ஊகிக்கும் போட்டிக்குச் சுமார் பத்து லட்சம் பேர் எழுதினார்கள். எதிர்த்திசையில் வேறொரு பத்திரிகைக்காகப் புறப்பட்ட எலிசபெத் பிஸ்லாண்ட் என்ற பெண்ணும் 76 நாட்களில் சுற்றி வந்தார். முந்தியவரும் பெண்; பிந்தியவரும் பெண். அந்தக் காலத்தில் பெண் தனியே உலகம் சுற்றலாம் என்று காட்டியது சிறிய செயல் அன்று. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தோழியரே, ஒன்றைக் கவனியுங்கள். கொழும்பில் அடுத்த கப்பலுக்காக அவர் ஐந்து நாட்கள் காத்திருக்க நேர்ந்தது. கண்டி வரை போய் வந்தார். நமக்கு இவ்வளவு அருகே வந்தவர் நம் கடற்கரையைப் பற்றி என்ன எழுதினார் என்று ஆவலோடு தேடுகிறோம். ஆனால் அந்த ஐந்து நாட்கள் அவருக்குத் தாமதமாகவே இருந்தன. கண்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர்மேல் குற்றமில்லை, பந்தயம் அப்படிப்பட்டது. ஓடுகிறவரால் உட்கார்ந்து கேட்க முடியாது. அதனால்தான் அவருடைய பயண நூலில், கீழ்த்திசை மக்களைப் பற்றி அவசரமாக, சில இடங்களில் ஏளனமாகக்கூட எழுதியிருப்பதைக் காண்கிறோம். தீவில் ஒரு ஜெர்மானியப் பெண்ணின் மொழி தெரியாத துயரத்தைப் புரிந்துகொண்ட அதே நெஞ்சம், துறைமுகத்துக்குத் துறைமுகம் ஓடியபோது மனிதர்களை வேடிக்கை பார்த்தது!

உலகத்தையே சுற்றியபோது அவர் கண்டது குறைவு. ஒரு பலகையில் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது அவர் கண்டது அதிகம். இதுவே நான் எழுபத்திரண்டைவிடப் பத்தைப் பெரிதென்று சொல்லக் காரணம்.

பொய் சொல்லலாமா?

இந்தக் கட்டுரையை எழுதும் முன் எங்கள் வரலாற்று ஆசிரியையிடம் இதைப் பற்றிப் பேசினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா, ஆனால் அவர் சொன்னது பொய் இல்லையா? நீதிபதியிடம் பொய், மருத்துவரிடம் பொய். அதற்கு என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாட்கள் யோசித்தேன்.

ஆம், சிஸ்டர், அது பொய்தான். அதை வேறு பெயரிட்டு அழைக்க நான் விரும்பவில்லை. ஆனால் மூன்று செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, வாயிற்கதவைத் தட்டி, "நான் பத்திரிகை நிருபர், உள்ளே பார்க்கலாமா?" என்று கேட்டிருந்தால், அவருக்கும் அந்த இரண்டு பீப்பாய் உப்புதான் கண்ணில் பட்டிருக்கும். இரண்டாவது, உள்ளே நுழைய மட்டுமே பொய்யைப் பயன்படுத்தினார். நுழைந்தபின் உண்மையாகவே நடந்துகொண்டார். மூன்றாவது, அந்தப் பொய்யால் துன்பம் வந்தால் அது தம்மேலேயே வரும்படி வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் எல்லாவற்றையும் அச்சில் ஒப்புக்கொண்டார். பின் சத்தியம் செய்து சாட்சியும் சொன்னார். தன் நலத்துக்காகப் பொய் சொல்கிறவர் அதைக் கடைசிவரை மறைப்பார். இவர் தாமே வெளிச்சமிட்டுக் காட்டினார்.

ஆயினும் என் ஆசிரியை எச்சரித்ததிலும் உண்மை உண்டு. நெல்லி பிளைக்குக் கிடைத்த புகழைக் கண்டு, பத்திரிகைகள் பெண் நிருபர்களை வேடமிட்டு அனுப்புவதை ஒரு வியாபாரமாக்கின. அவர்களிலும் நல்ல நோக்கம் உடையவர் இருந்தனர். ஆனால் சாகசமே செய்தியாகி, யாருக்காகச் சாகசம் என்ற கேள்வி பின்னுக்குப் போகும் ஆபத்து அங்கே பிறந்தது. துணிச்சல் ஒரு கருவி; கத்தியைப் போல. அது பழம் நறுக்குகிறதா, கையை நறுக்குகிறதா என்பது பிடிப்பவரின் நோக்கத்தைப் பொறுத்தது.

முடிவாக

நெல்லி பிளையின் பிற்கால வாழ்வு ஏற்ற இறக்கம் மிக்கது. 1894இல் புல்மன் ரயில் பெட்டித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் பக்கத்தை எடுத்து எழுதினார். 1895இல் தம்மைவிட மிக மூத்தவரான ஒரு தொழிலதிபரை மணந்தார். 1904இல் அவர் மறைந்தபின் தொழிற்சாலையை ஏற்று நடத்தினார். பணியாளர் சிலர் செய்த மோசடியால் அது நொடித்துப்போனது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது ஐம்பது வயதில் ஆஸ்திரியாவின் போர்முனையிலிருந்து செய்தி எழுதினார். நாடு திரும்பியபின் பத்திரிகையில் எழுதிக்கொண்டே, ஆதரவற்ற குழந்தைகளுக்கு வீடு தேடித் தந்தார். 1922 சனவரி 27ஆம் நாள், 57ஆம் வயதில், நுரையீரல் அழற்சியால் நியூயார்க்கில் காலமானார். உலகம் சுற்றியபோது பத்து லட்சம் பேர் பேசிய பெயருக்கு, கல்லறையில் ஒரு கல்கூட இல்லை. 1978இல்தான் நியூயார்க் பத்திரிகையாளர் மன்றம் ஒரு கல் நாட்டியது. வேகத்துக்குக் கிடைக்கும் கைதட்டல் எத்தனை நாள் நிலைக்கும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

ஆனால் பத்து நாட்களை அந்தத் தீவு மறக்கவில்லை. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அங்கே அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அமாண்டா மாத்யூஸ் என்ற சிற்பி வடித்தது. அவருடைய முதல் கட்டுரையின் தலைப்பே அதற்குப் பெயர். அதில் கையில் பையும் கட்டம் போட்ட கோட்டுமாய் உலகம் சுற்றும் நங்கை இல்லை. நெல்லியின் பெரிய முகம் ஒன்றும், அதனோடு வேறு நான்கு பெண்களின் முகங்களும் இருக்கின்றன. துன்பப்பட்டும் கேட்பாரற்றுப் போன பெண்களின் முகங்கள் அவை. அவர் தமக்காக மட்டும் அந்தத் தீவுக்குப் போகவில்லை என்பதை அந்தச் சிற்பி புரிந்துகொண்டிருக்கிறார்.

நம்மில் எல்லோரும் உலகம் சுற்றப் போவதில்லை. எல்லோரும் பத்திரிகையாளர் ஆகப் போவதும் இல்லை. ஆனால் நாம் எல்லோரும் பலகையில் உட்காருகிறவர்கள்தாம்! நம் பலகையிலேயே, நம் அருகிலேயே, எதையோ சொல்ல முயன்று யாரும் கேட்காததால் நிறுத்திவிட்ட ஒருத்தி இருக்கலாம். 'அவள் அப்படித்தான்' என்று ஒரு பெயரை ஒட்டிவிட்டு நாம் நகர்ந்திருக்கலாம். அவள் பக்கம் திரும்பி, அவள் கதையைக் கேட்பதற்குப் பயணச்சீட்டு வேண்டாம், வேடமும் வேண்டாம். கேட்டதை, கேட்க வேண்டியவரிடம் அஞ்சாமல் எடுத்துச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல்தான் வேண்டும்.

அடுத்த ஆண்டும் அந்தக் கேள்வி வரலாம். "நெல்லி பிளை என்பவர் யார்?" என்று கேட்டால், எழுபத்திரண்டு நாட்களைச் சொல்லுங்கள்; மதிப்பெண்ணை விட வேண்டாம். சொல்லிவிட்டு, கேள்வி கேட்டவர் அனுமதித்தால், "அதற்கு முன்பு பத்து நாட்கள் பேச்சற்றவர்களோடு உட்கார்ந்திருந்து, வெளியே வந்து அவர்களுக்காகப் பேசியவர்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குத் தனி மதிப்பெண் கிடைக்காது. ஆனாலும் முழு விடை அதுதான்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி